கதவருகே இருந்த நாற்காலி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். 1982 ஆடி மாதம், குற்றாலத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பேசியவள் நான்.

அப்போது மனநல மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். சாரல் காலம் என்பதால், எங்கள் தேர்வை அருவிக்குப் பக்கத்திலிருந்த பங்களா ஒன்றில் வைத்திருந்தார் எங்கள் பேராசிரியர் டாக்டர் விஸ்வேஸ்வரன். நாடக நடிகர் பலவேசம் நோயாளியாக நடிப்பார். அவரிடம் பேசிவிட்டு, இந்த ஆள் யாரையாவது தாக்குவாரா, யாரை, எப்போது என்று நாங்கள் சொல்ல வேண்டும். கதவருகே உள்ள நாற்காலி எப்போதும் மருத்துவருக்கு. நோயாளி வழியை மறித்து உட்காரக் கூடாது. டாக்டர் கற்றுத்தந்த முதல் பாடம் அது.

உள்ளே போனேன். பலவேசம் இல்லை. ஒரு பெண் இருந்தாள். ஆளை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அவள் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாரலில் நனைந்திருப்பாள்... ஆனால் தரையில் ஈரமே இல்லை.

பெயர் அகிலாண்டம் என்றாள். ஊர் கடையம். யார் மேலாவது கோபமா என்று கேட்டேன்.

"உங்க டாக்டர் மேலதான். அன்னைக்கு வெளிய பெஞ்சிலதான் உக்காந்திருந்தேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலயே."

என்ன செய்யப்போகிறாய் என்றேன்.

"அவரு வரட்டும். நீங்க போங்கம்மா. உங்க வழிய நான் மறிக்கல."

வெளியே வந்து டாக்டரிடம் சொன்னேன். ஆபத்து இருக்கிறது சார். இன்றைக்கே. உங்களுக்குத்தான்.

அவர் சிரித்தார். "பலவேசம் இன்னும் வந்தே சேரலியேம்மா. யார்கிட்ட பேசிட்டு வாரே?"

போகாதீர்கள் என்று தடுத்தேன். கேட்காமல் உள்ளே போனார்.

கதவு மூடிக்கொண்டது.

கிறீச்... நாற்காலி இழுபடும் சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

கதவை உடைத்தோம். டாக்டர் மூலையில் கிடந்தார். உயிர் இல்லை. அவள் இல்லை. மருத்துவருக்கான அந்த நாற்காலி கதவை மறித்துக் கிடந்தது. அதன் இருக்கை மட்டும் நனைந்திருந்தது.

உலர்ந்த அறையில் செத்தவரின் நுரையீரல் முழுக்கத் தண்ணீர் என்றது பிரேதப் பரிசோதனை.

பிறகொரு நாள் பாவூர்சத்திரத்தில் பலவேசத்தைப் பார்த்தேன். அன்று அவர் நடிக்க இருந்தது தன் சொந்த ஊரான கடையத்து ஆள் ஒருவனுடைய கதையாம். பல வருஷங்களுக்கு முன்னால் அவனைப் பரிசோதித்தவர் விஸ்வேஸ்வரன்தான்.

"ஆபத்தில்லைன்னு சொல்லி, வெளிய காத்திருந்த பொஞ்சாதியோட வீட்டுக்கு அனுப்பிவிட்டாரு. அன்னைக்கே அவள ஆத்துல அமுக்கிக் கொன்னுட்டான், டாக்டரம்மா. அது தெரிஞ்சும், உங்க பரீட்சைக்கு ஆபத்தில்லைங்கதுதான் சரியான பதில்னு எங்கிட்ட சொல்லியிருந்தாரு."

அந்தப் பொஞ்சாதியின் பெயரை நான் கேட்கவில்லை.