கோகாகுபு படித்த பாண்டிராஜ்

நரிக்குடியில் ஸ்பானரைக் கையில் பிடித்தவன் எல்லாம் இன்ஜினியர்தான். பாண்டிராஜ் படித்தது ஐ.டி.ஐ.; வேலை, அருப்புக்கோட்டை நூற்பாலையில் ஃபிட்டர். ஊருக்கு அதெல்லாம் கணக்கில்லை. பாலவனத்தத்தில் பெண் பார்க்கப் போன இடத்திலும் அவன் அம்மா ஒச்சம்மாள், "எம் மவன் இஞ்சினியரு" என்று வாய் கூசாமல் சொல்லிவைத்தாள். பெண்வீட்டார் மில்லுக்கு வந்து விசாரித்தார்கள். பேசி முடித்த கல்யாணம் முறிந்தது.

அதோடு மில்லில் அவன் பெயரும் போயிற்று. "ஏலே இஞ்சினியரு, எண்ணெய விடு" என்பார்கள். மதியம் தூக்குச்சட்டியோடு பஞ்சு கோடவுன் பக்கம் ஒதுங்கித் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தான்.

பொழுது போகாமல், மதுரையில் பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஜப்பானியப் பாடப் புத்தகத்தை உருப்போட்டான். அதில் படிப்புகளைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. நம் ஐ.டி.ஐ. மாதிரித் தொழிற்பள்ளி என்றால் கோக்யோ கோகோ. பாலிடெக்னிக் மாதிரியானது கோசென். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்குகிற இன்ஜினியரிங் என்றால் கோகாகுபு. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை நம் ஊரிலும் இருந்திருந்தால் அம்மா அப்படிச் சொல்லியிருக்க மாட்டாளே என்று வயிறெரிந்தான்.

தொண்ணூற்று இரண்டில் மில்லுக்கு ஜப்பான் மெஷின் வந்தது. அதைப் பூட்டிக்கொடுக்க ஒகுமுரா என்பவர் வந்தார். அரைகுறையாகவாவது ஜப்பானியம் பேசுவானே என்று பாண்டிராஜை அவருக்குத் துணையாகப் போட்டார்கள். மதியம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார்கள். ஒச்சம்மாளும் இரண்டு பேருக்குச் சேர்த்தே கட்டிக் கொடுத்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு பாண்டிராஜுக்குச் சோறு ருசித்தது.

ஒருநாள் சாப்பிடும்போது ஒகுமுரா, "நீங்கள் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார். ஐ.டி.ஐ. என்று தெரிந்தால் இவரும் சிரிப்பாரோ என்று பயந்துவிட்டான் பாண்டிராஜ்.

"கோகாகுபு" என்றான்.

ஒகுமுரா சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார். "நான் வெறும் கோக்யோ கோகோ" என்றார். இவ்வளவு நாளும் ஒரு இன்ஜினியரை வேலை ஏவியதற்கு மன்னிப்பும் கேட்டார்.

மறுநாள் பாண்டிராஜுக்கு நாற்காலி போட்டிருந்தது. ஒகுமுரா மற்ற ஃபிட்டர்களோடு தரையில் சாப்பிடப் போய்விட்டார். நானும் உங்கள் படிப்புதான் என்று சொல்லப் பாண்டிராஜுக்குத் தினமும் வாய் வரை வரும். பொய் வெளுத்துவிடுமே என்று விழுங்கிவிடுவான்.

ஊருக்குப் புறப்பட்ட அன்று ஒகுமுரா மற்றவர்களைத் தோளில் தட்டிச் சிரித்து விடைபெற்றார். பாண்டிராஜுக்கு மட்டும் எட்ட நின்று, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

"ஏலே, ஒனக்குத்தான் பெரிய மரியாத" என்றான் கூட வேலை பார்க்கும் சங்கையா.

பாண்டிராஜ் கோடவுன் பக்கம் போய்த் தூக்குச்சட்டியைத் திறந்தான். நடந்ததை அவன் வீட்டில் சொல்லவே இல்லை. அன்றைக்கும் சட்டியில் இரண்டு பேருக்குச் சோறு இருந்தது.