தென்கிழக்கு பார்த்த தட்டு

பத்தாம் நம்பர் ஸ்பேனர் இரும்பில் பட்டு விழுகிற ஓசை எங்கே கேட்டாலும் எனக்கு ஓமானின் மணல்தான் ஞாபகம் வருகிறது. நேற்று, வளைகுடாவில் நான் வேலை பார்க்கும் அல் குசைஸில், எங்கள் கட்டட மொட்டைமாடியில் யாரோ எதையோ கழற்றினார்கள். டிங். கையில் இருந்த தேநீர் ஆறியது.

அதே மாடியில் இருபது வருடம் டிஷ் பூட்டியவர் பக்கத்து அறை அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர். நான் புதுக்கோட்டை. தமிழ்ச் சேனல் தெரியவில்லை என்றால் அந்தத் தெருவே அவரைத்தான் கூப்பிடும். பிறகு எல்லாம் போனுக்குள் புகுந்துகொண்டது, அவர் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். கடைசியில் ஊரோடு போவதென்று முடிவெடுத்தார். போவதற்குள் ஒருமுறை மணலில் தங்கிவிட்டு வரலாம் என்று இழுத்தது நான். லீவு நாளில் நான்கு சுவர் எனக்கு ஆகாது. வண்டியின் பின்சீட்டை மடித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது ஊரிலிருந்து சேதி. அவர் மகளின் எழுத்து சனிக்கிழமைக்கே வைத்தாயிற்று. கல்யாணப் பதிவை அவர்கள் எழுத்து என்பார்கள். மாப்பிள்ளைக்குக் கனடா, பத்து நாள்தான் லீவு. கிடங்கில் அண்ணனின் கணக்குத் தீர்க்கும் காகிதங்கள் முடிய இன்னும் இரண்டு வாரம்.

"நீங்கள் போனில பாத்துக்கொண்டு நிண்டால்தான் கையெழுத்து வைப்பனாம், மகள் சொல்லுறாள்" என்றார். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அப்ப டிரிப்ப விட்ருவோம்ணே."

"விசரோ? டிஷ்காரனுக்குச் சிக்னல் இல்லையெண்டால் ஊர் சிரிக்கும், தம்பி."

எல்லை தாண்டி ஓமானுக்குள், இப்ரா ஊரில் ஒரு கடையில் சாட்டிலைட் இன்டர்நெட் பெட்டியை வாடகைக்கு எடுத்தோம். வெள்ளைத் தட்டு ஒன்று, தோசைக்கல்லைச் சதுரமாக வெட்டியதுபோல. ஒரு கேபிள், ஒரு பேட்டரி. வெள்ளிக்கிழமை மாலை வெட்ட வெளியில் மணல்மேல் சும்மா வைத்தோம். சில நிமிடத்தில் இணைப்பு வந்துவிட்டது. அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. திருகாமல், பூட்டாமல், கோணம் பார்க்காமல் வருகிற சிக்னல் அவருக்குச் சிக்னல் இல்லை.

காலையில் வடகாற்று. தட்டின்மேல் மணல் ஊர்ந்தது. வண்டியை ஒரு பெரிய மேட்டின் தெற்கு மடியில் ஒதுக்கினோம். காற்று நின்றது. அண்ணன் வண்டிக்கூரையில் ஏறித் தட்டைக் கேரியரோடு சேர்த்து நான்கு நட்டுப் போட்டு இறுக்கினார். முகம் தென்கிழக்கு. அவர் குசைஸ் முழுக்கத் திருப்பி வைத்த திசை.

மணி எட்டரை. அங்கே ஊரில் பத்து. பத்தரைக்கு எழுத்து.

தட்டோடு இணைந்த என் போனில் வானத்தின் படம் வந்தது. பாதி சிவப்பு.

"மேடு மறைக்குதாம்ணே. வடக்க திருப்பச் சொல்லுது."

"வடக்க என்ன கிடக்கு? ஈரானோ?"

"தெரியல. சொல்லுது."

"தம்பி, உந்தப் போன் பிறக்க முதலே நான் டிஷ் பூட்டினனான். நீர் பேசாமல் இரும்."

தேடுகிறது, தேடுகிறது என்றே போன் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் அரை விரல் தெற்கே திருப்பினார். இன்னும் இறுக்கினார். மேட்டின் விளிம்பில் மணல் புகையாய்ப் பறந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. எட்டு ஐம்பதுக்கு அவரே நட்டைக் கழற்றத் தொடங்கினார். இறுக்கியதில் நட்டின் முனைகள் மழுங்கியிருந்தன. ஸ்பேனர் வழுக்கிக் கேரியரில் பட்டு விழுந்தது. டிங். எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது.

வண்டியை வெளிக்கு ஓட்டி, தட்டை மணலில் சாய்த்து, காற்றுக்கு முதுகு காட்டி இருவரும் மறைத்து நின்றோம். மணி ஒன்பது இருபத்தைந்து, அங்கே பதினொன்றுக்கு ஐந்து. படம் வந்தது. ஒரு மேசை, மஞ்சள் விரிப்பு, மூடி திறந்தபடி ஒரு நீலப் பேனா. நாற்காலிகள் காலி. பின்னால் யாரோ பலகாரத் தட்டோடு போனார்கள். பிறகு மகளின் முகம், மிக அருகில்.

"அப்பா! எங்க போனீங்கள்? எல்லாரும் அவசரப்படுத்தினவை. கால் மணித்தியாலம் நான் பேனையோட இருந்தனான்."

அண்ணன் போனை நேராகப் பிடித்தார். மாடியில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "நான் எல்லாம் பாத்தனான், பிள்ளை. எங்கட படம்தான் உங்களுக்கு வரேல்லை. உங்கட பக்கம் லைன் பிழை. நீலப் பேனையால வைச்சனீ, என்ன?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே படம் உறைந்து நின்றது.

வந்த வழியே திரும்பினோம். இப்ராவில் பெட்டியைக் கொடுக்கும்போது, நல்ல சாமான் என்று கடைக்காரரிடம் இந்தியில் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டேன். தள்ளுவண்டியில் மூன்று பெட்டி. உள்ளே போனவர் திரும்பி வந்தார்.

"தம்பி, தைக்குக் கலியாணம். வருவீர்தானே?"

"வர்றேண்ணே."

"பிள்ளை உம்மட்டையும் கேப்பாள். எழுத்தைப் பாத்தனீங்களோ எண்டு."

"பாத்தோம்ணே."

"என்ன நிறப் பேனை?"

"நீலம்."

"ஓம். நீலம். மாத்திச் சொல்லிப்போடாதையும்."