கழுவிக் கெடுத்த திராட்சை

இதை எழுத நாலு வருஷம் தயங்கினேன். சாட்சியம் சொல்ல வேண்டிய வயதில் ஒயின் ஊறவைத்த கதையைச் சொல்கிறானே என்பார்கள். ஆனாலும் இதில் ஆண்டவரின் இரக்கம் எனக்குத் தெரிந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஒயின் எப்போதும் என் மனைவியின் கைவேலை. அந்த வருஷம் மகளுக்குத் தலைக் கிறிஸ்துமஸ். சம்பந்தி வீட்டாருக்குத் தன் கையால் ஒயின் தருவதாக மனைவி கல்யாணப் பேச்சின்போதே சொல்லியிருந்தாள். நவம்பரில் மாடிப்படியில் வழுக்கி அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. சொன்ன வார்த்தை போச்சே என்று அழுதாள். நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதுவரை எனக்கு டீ போடக்கூடத் தெரியாது.

கடைப்பழம், மருந்தடித்திருப்பார்களே என்று பயம். மஞ்சள்தூளும் கல்லுப்பும் கரைத்த தண்ணீரில் மூன்று முறை, பிறகு கொதிக்கிற வெந்நீரில் ஒரு முறை கழுவினேன். பிசைந்து, சர்க்கரையும் கைப்பிடி கோதுமையும் சேர்த்து, பீங்கான் ஜாடியில் ஊற்றித் துணி கட்டினேன்.

மூன்றாம் நாள் நுரை இல்லை. ஐந்தாம் நாளும் இல்லை. காடியாகிவிடுமோ, மூடினால் ஜாடி வெடிக்குமோ, திறந்தால் ஈ விழுமோ என்று நாளுக்குப் பத்துத் தடவை சிலுவை போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

பக்கத்து வீட்டு அம்மாள் ஆட்டையாம்பட்டிக்காரர். எங்கள் தெருவுக்கே இட்லி மாவு ஆட்டி விற்பவர். மது வாடையே ஆகாத குடும்பம். மனைவியைப் பார்க்க வந்தவர் ஜாடி அருகே நான் விழிப்பதைக் கண்டு, குனிந்து ஜாடியில் காதை வைத்தார்.

"ஏனுங்ணா, சத்தமே இல்லீங்களே. பழத்த எப்படிக் கழுவுனீங்க?"

சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"உளுந்தவே ரொம்பக் கழுவுனா மாவு பொங்காதுங்க. நீங்க அதுல இருந்த உசுரயே கழுவி ஊத்திப்போட்டீங்க."

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "எங்கூட்டுக்காரரு தரையக் கழுவுனாப்புல கழுவியிருப்பாரு, அம்மிணி."

அந்த அம்மாள் வீட்டு மாடியில் மருந்தே காணாத ஒரு திராட்சைக் கொடி உண்டு. தோலில் சாம்பல் பூத்தாற்போலிருந்த பழம் ஒரு கைப்பிடி பறித்து வந்து, கழுவாமல் நசுக்கிப் போட்டார்.

அதிலிருந்து மூன்றாம் நாள் காலை காதை வைத்தேன். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல மெல்லிய சத்தம். மனைவியைக் கூப்பிட்டேன். அவளும் காதை வைத்துக் கேட்டாள். பிறகு என் கையிலிருந்த அகப்பையை வாங்கி, இடது கையால் தானே கிளறினாள். அன்றுமுதல் தினமும் அவள்தான் கிளறினாள். கிறிஸ்துமஸ் அன்று சம்பந்தியம்மாள் இரண்டாவது தம்ளர் கேட்டபோது என் மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஒரு சொட்டும் குடித்தறியாத அந்த அம்மாளின் காதை நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது. எங்கள் பங்குக் கோயிலில் சிலர் இதை, இயேசு தண்ணீரைத் திராட்சை இரசமாக்கிய கானாவூர்ப் புதுமைபோல, நாங்கள் ஜெபித்தோம், நுரை வந்தது என்று சொல்லிவருகிறார்கள். ஜெபித்தது உண்மைதான். ஜெபத்துக்கு வந்த பதில் அந்த அம்மாள். ஆகவே யாரிடம் சொன்னாலும் என் வெந்நீரையும் அவர் சொன்ன உளுந்தையும் விட்டுவிடாமல், நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள்.