புது வீட்டுக்குப் போன கேபிள்

கேபிளில் கசிவு உண்டா என்று சோதிக்கும் மெக்கர் கருவியின் கைப்பிடியைச் சுற்றுவதற்கு முன்பே பதிவேட்டில் அளவை எழுதிவிடும் மனிதரை என் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். சுவிட்ச் பலகையின் முன் நின்றபடி, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வெகு அழகான எழுத்தில் ‘கேபிள் நலம்’ என்று எழுதினார். மெக்கர் அப்போது பெட்டிக்குள் பூட்டியே கிடந்தது.

போடி மலைச்சரிவில் இருந்த ஓர் ஏலத் தோட்டத்தில் அவர் மேற்பார்வையாளர். நான் மதுரையில் மின்சார வேலை பழகி, அங்கே வயர்மேனாகச் சேர்ந்திருந்தேன். அந்த நாளில் போடி ஊருக்குள்ளேயே மின்சாரம் கிடையாது. முதலாளி எண்ணெய் இன்ஜினும் டைனமோவும் வரவழைத்துத் தன் பங்களாவுக்கு மட்டும் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளருக்கு அந்தப் பதவி கிடைத்ததற்கு ஒரே தகுதி, அவர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி என்பது. பியூஸ் கம்பி மாற்றக்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் கோட்டு, முழங்கால் உயரப் பூட்சு, கையில் பிரம்பு, எல்லாம் இருந்தன. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆளை நான் எப்போதும் மதிப்பேன். இவர் தெரியாததைத்தான் சத்தமாகச் சொல்வார்.

பங்களாவுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், முதலாளி தன் மகனுக்குப் புதுவீடு கட்டினார். பங்களாவின் பலகையிலிருந்து ஒரு கேபிள் இழுத்துப் புதுவீட்டில் இரண்டாவது பலகை வைக்க வேண்டும். ஈய உறை போட்ட கேபிள். முழங்கால் ஆழம் தோண்டி, மணல் பரப்பி, அதன்மேல் படுக்க வைத்து, சோதித்துப் பார்த்த பிறகே மூட வேண்டும். இரண்டு முறை அவரிடம் சொன்னேன். நான் புதுவீட்டில் பலகை மாட்டிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், சாண் ஆழக் குழியில் கேபிளைப் போட்டு, பாறை உடைத்த கல்லையே மேலே தள்ளி மூடச் சொல்லிவிட்டார். கசியும் கரண்டை மண்ணுக்குள் கொண்டுபோகும் பூமிக்கம்பியும் இறக்கவில்லை. சம்பந்தி வீட்டார் மறுநாள் வருகிறார்களாம், வாசலில் குழி கிடந்தால் அழகில்லையாம்.

மெக்கரை நானே எடுத்தேன். கேபிளின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, செம்புக் கம்பிக்கும் ஈய உறைக்கும் நடுவே வைத்துச் சுற்றினேன். நல்ல கேபிளானால் முள் மேல் முனைக்குப் போய் நிற்க வேண்டும். அது பூஜ்யத்தில் விழுந்து கிடந்தது. உள்ளே எங்கோ கல் குத்தி, உறை கம்பியோடு ஒட்டிவிட்டது என்று அர்த்தம். கரண்டு விட்டால் உறையிலும் பலகையின் இரும்புப் பெட்டியிலும் ஏறி நிற்கும்.

“மழை ஈரம்ப்பா. காஞ்சா சரியாப் போயிரும்” என்றார்.

“ஈரமில்லைங்கய்யா. கேபிள் செத்துப்போச்சு. தோண்டித்தான் பாக்கணும்.”

“வெளக்கு எரியுமா, எரியாதா?”

“எரியும்.”

“அப்பறம் என்ன? சோலியப் பாரு.”

அந்த வீட்டுச் சமையலுக்குத் தண்ணீர் சுமந்தவள் கீழே தேவாரம் ஊரிலிருந்து வந்த பெண் ஒருத்தி. ஓடையிலிருந்து குடத்தோடு ஏறி, நனைந்த வெறுங்காலோடு அந்தப் பெட்டியை உரசிக்கொண்டுதான் அடுப்படிக்குள் நுழைவாள். அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்றேன். “அதுக பெட்டியத் தொட்டா அது நம்ம தப்பா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அதுவரை அவரை முட்டாள் என்று மட்டும் நினைத்திருந்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு முட்டாள் என்ற சொல் அவருக்கு மரியாதையாகப் பட்டது.

மறுநாள் காலை முதலாளி, சம்பந்திகள், உறவுக் கூட்டம் எல்லாம் புதுவீட்டில் கூடினார்கள். “கேபிள் இழுத்தது, டெஸ்ட் பண்ணது எல்லாம் நாந்தான் மாமா” என்று மேற்பார்வையாளர் முதலாளியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மேலே போய் பங்களாப் பலகையில் சுவிட்சைப் போடச் சொன்னார்.

நான் நகரவில்லை. “போடுறேங்கய்யா. நீங்க இந்த இரும்புப் பெட்டி மேல வெறுங்கைய வச்சுக்கங்க. ஒங்க பூட்சையும் கழட்டிருங்க. நான் போய்ப் போடுறேன்” என்றேன்.

கூட்டம் சிரித்தது, ஏதோ வேடிக்கை என்று. முதலாளி சிரிக்கவில்லை. “வையி மாப்ளே. நீதான டெஸ்ட் பண்ண?” என்றார். மேற்பார்வையாளரின் கை பாதி தூரம் போய் நின்றது. உதட்டை நக்கிக்கொண்டு, “ஈரக் கையி மாமா” என்றார். கை காய்ந்துதான் இருந்தது.

அன்றே குழியைத் தோண்டினோம். பத்தடிக்குள் கிடைத்தது: கூர்க்கல் ஒன்று ஈயத்தைக் கிழித்து, உள்ளே கம்பியைச் சுற்றியிருந்த ரப்பரையும் தாண்டி உட்கார்ந்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி எறிந்து, இணைப்புப் போட்டு, பூமிக்கம்பி இறக்கி, மணலில் படுக்க வைத்து, மூடுவதற்கு முன்னும் பின்னும் சோதித்தேன். முள் மேலே போய் அசையாமல் நின்றது. விளக்கு இரண்டு நாள் தாமதமாக எரிந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

அவர் வேலை போகவில்லை. அக்காள் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாள், முதலாளி விட்டுவிட்டார். ஒரு மாதத்துக்குள், கேபிளில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்ததே தான்தான் என்று அவர் போடிச் சந்தையில் சொல்லித் திரிந்தார். நான் கணக்கை முடித்துக்கொண்டு மலையிறங்கினேன். அப்படிப்பட்டவரின் கீழ் இன்னொரு மழைக்காலம் இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

போன வருடம் அவர் இறந்துபோனார். இப்போது போடியில் தெருத்தெருவாக மின்சாரம். துக்கவீட்டிலும் பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவருடைய மகன், பள்ளிக்கூட வாத்தியார், அடக்கமானவன், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “பெரியப்பா, நீங்க அப்பா கூட வேலை பாத்தீங்களாம்ல. அப்ப அப்பா எப்புடி இருப்பாரு?”

“கூட இருந்தேன்ப்பா” என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்ல அவன் முகம் விடவில்லை. இப்படியொரு பிள்ளைக்குக் கொஞ்சம் நல்ல அப்பன் வாய்த்திருக்கலாம் என்று நினைத்தபடியே என் ஊரான சிலமலைக்கு நடந்தேன்.