எச்சில் படாத வலக்கை

மாசாய் நகரில் என் மகன் வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் டாக்கோ என்னும் உணவைச் செய்கிறார்கள். சோளமாவு ரொட்டிகளை மேசையின் நடுவே அடுக்கி, சுற்றிலும் கிண்ணங்களைப் பரப்பி, அவரவர் வேண்டியதை அவரவரே எடுத்து மடித்து உண்கிறார்கள். முதலில் உட்காருபவள் மருமகள்தான். "அத்தை, நின்னுகிட்டே இருக்காதீங்க லா, ஆறிடும்" என்று என்னையும் கைபிடித்து உட்கார வைக்கிறாள். இந்த ரொட்டியை எட்டு வயதிலேயே குளுவாங் இரயில்வே குடியிருப்பில் உண்டிருக்கிறேன் என்றால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை.

அதைச் செய்தவர் என் சித்தப்பா. அவருடைய தாயார் இறந்தபோது அவர் சிறுபிள்ளை. அந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்த என் அம்மாவே அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி வளர்த்தார். வளர்ந்தபின் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சரக்குக் கப்பலொன்றில் சமையற்காரரானார். எங்கோ ஒரு தூரத்துத் துறைமுகத்தில், ஒரு குடும்பத்தார் இவரைத் தம் வீட்டுக்கு அழைத்து இந்த ரொட்டியைத் தந்தார்களாம். அவ்வீட்டுத் தாய் பிள்ளைகளுக்கு நடுவே அமர்ந்து, பேசிச் சிரித்துக்கொண்டே உண்டாராம். விடுப்பில் வந்த சித்தப்பா ஒரு பை சோளமாவும் தகரத்தில் அடைத்த பாலாடைக்கட்டியும் கொண்டுவந்திருந்தார். மறுநாள் காலை இரயிலில் அவர் திரும்ப வேண்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. அப்பா பூசையறையில் பதிகம் ஓதிக்கொண்டிருந்தார். அடுக்களையில் அம்மா, அந்தக் கட்டியில் முட்டை கலந்திருக்குமோ என்று இரண்டு முறை கேட்டுத் தெளிந்தபின்தான் அதைத் துருவ இசைந்தார். மொச்சையை வேகவைத்து மசித்தாயிற்று, தெம்பே என்னும் சோயாக்கட்டியைப் பொரித்தாயிற்று, தக்காளியும் வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கி எலுமிச்சை பிழிந்தாயிற்று. சித்தப்பா தட்டிய ரொட்டிகள் மூலைக்கொரு பக்கம் நீண்டன. அம்மா தட்டியவை முழுநிலவாக வந்தன.

அப்போதுதான் சித்தப்பா தம் மனத்திலிருந்ததைச் சொன்னார்.

"அண்ணி, இந்த வீட்லதான் வளர்ந்தேன். நீங்க சாப்பிட்டு ஒரு நாள்கூட நான் பாத்ததில்ல. இன்னைக்குப் பாத்துட்டுத்தான் கப்பலுக்குப் போவேன்."

"சாப்பிடாமலா தம்பி இவ்ளோ உருண்டையா இருக்கேன்?"

நான் சிரித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டு மேசைக்கு நாற்காலிகள் நான்கு. அவை அப்பாவுக்கும், எனக்கும், என் தம்பிக்கும், வருகிற விருந்தினருக்கும் உரியவை. அம்மாவுக்கென்று ஒன்று இல்லாததை யாரும் குறையாக எண்ணியதில்லை. பரிமாறுகிறவருக்கு நாற்காலி எதற்கு? அன்று சித்தப்பா மண்ணெண்ணெய்த் தகரமொன்றைக் கவிழ்த்துப் போட்டுத் தாம் அதில் அமர்ந்து, அம்மாவை நான்காவது நாற்காலியில் அமர்த்தினார். ஒருவர் கை பட்டது இன்னொருவருக்கு எச்சிலாகிவிடக் கூடாதென்று ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு கரண்டி இட்டிருந்தார். யாவற்றையும் எண்ணிப் பார்த்துத்தான் செய்ததாகவே நினைத்திருப்பார்.

அப்பா திருநீறு துலங்க வந்தமர்ந்து, அம்மா எதிரில் இருப்பதைக் கண்டு சற்றே திகைத்தார். முதல் ரொட்டியைச் சித்தப்பா காட்டியபடியே நிரப்பி, மடித்து, உண்டார். "ஜாகோங்குல தோசைன்னா இதானாடா? நல்லாத்தான் இருக்கு" என்றார், சோளத்தை மலாய்மொழியில் சொல்லி. சித்தப்பாவின் முகம் விளக்கேற்றியதுபோல் ஆயிற்று. அம்மா எங்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்து முடித்து, கடைசியாகத் தமக்கும் ஒன்று மடித்துக் கையில் எடுத்தார்.

அந்த நேரத்தில் அப்பா இரண்டாவது ரொட்டிக்கு ஆயத்தமானார். ஆனால் கை நடுவழியில் நின்றது. வலக்கை உண்ட கை. அதனால் கரண்டியைத் தொட்டால் கிண்ணமெல்லாம் எச்சில். இடக்கையால் அன்னத்தை எடுப்பது அவர் வாழ்நாளில் செய்யாதது. எங்கள் எல்லோருடைய வலக்கையும் அதற்குள் வாய்க்குப் போய்வந்துவிட்டது. மேசையைச் சுற்றிலும் எச்சில் படாத வலக்கை ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார், அவ்வளவே.

வாயருகே சென்றதை அம்மா தட்டில் வைத்துவிட்டு எழுந்தார்.

வேடனொருவன் இறைச்சியைத் தன் வாயிலிட்டுச் சுவை பார்த்து இறைவனுக்குப் படைத்ததையும், அந்த எச்சிலை அவ்விறைவன் அமுதென ஏற்றதையும் பல வெள்ளிக்கிழமைகளில் அப்பா குரல் தழுதழுக்கச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இறைவனுக்கு ஆனது எங்கள் மேசைக்கு ஆகவில்லை.

"அண்ணே, எடது கையால எடுத்தா சாமி கோவிச்சுக்குமா?" என்றார் சித்தப்பா.

"சாமி கோவிச்சுக்காதுடா. சாப்பாட்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?"

அதற்குள் அம்மா அப்பாவுக்கும் தம்பிக்கும் ரொட்டிகளை நிரப்பித் தந்துகொண்டிருந்தார். சித்தப்பா சட்டென்று எழுந்து பின்புறம் போய்க் கை கழுவி வந்து, ஈரக்கையை எல்லோருக்கும் தெரியும்படி நீட்டினார். "இப்ப என் கை சுத்தம். நீங்க உக்காருங்க அண்ணி. நான் போடறேன்."

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. கை கழுவினால் உணவு முடிந்தது என்பது எங்கள் வீட்டு வழக்கம். சித்தப்பா தின்றதோ ஒரே ஒரு ரொட்டி. ஊட்டி வளர்த்த பிள்ளை அரைவயிற்றோடு எழுந்துவிட்டானே என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறொன்றும் அப்போது புலப்படவில்லை.

"நீங்க பசியோட கப்பல் ஏறினா, எனக்கு இங்க சோறு எறங்குமா தம்பி?"

அண்ணனை எதிர்த்து நின்றவர், அண்ணியின் அன்புக்கு எதிராக நிற்க மாட்டாமல் தகரத்தில் போய் அமர்ந்தார். அம்மா மடித்துத் தரத்தர, குனிந்த தலை நிமிராமல் உண்டார். அவர் ஏன் மகிழவில்லை என்று எனக்கு வியப்பாயிருந்தது. அவர் செய்த பண்டத்தை அப்பா நான்கு முறை கேட்டு வாங்கி உண்டிருந்தாரே! அம்மாவின் தட்டிலிருந்தது தக்காளிச் சாற்றில் ஊறி இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அதன்பின் சித்தப்பா இரண்டொரு முறை வந்தார். விருந்தினர் நாற்காலியில் அமர்ந்து அம்மா பரிமாறியதை உண்டு போனார், சோளமாவு கொண்டுவரவில்லை. அவர் ஏதோ ஒரு கடலில் இருந்தபோது அம்மா காலமானார். எரியூட்டி முடித்த பிறகே தந்தி அவர் கைக்குக் கிட்டியதாம்.

அந்த வெள்ளிக்கிழமை, மேசையை ஒழித்தபின் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். அம்மா சுவரோரம் தரையில் அமர்ந்து, பிளந்த ரொட்டியைக் கிண்ணத்து அடியில் ஒட்டியிருந்த மொச்சையில் தொட்டுத் தொட்டு மெல்லத் தின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டார். என்னைக் கண்டதும் சிறுமியைப்போல் சிரித்து, விரலை நக்கிக்கொண்டார்.

வாசற்படியில் சித்தப்பா தம் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். அடுக்களைக்கும் படிக்கும் இடையே ஒரு கூடம்தான். நான் போய் அவரருகில் உட்கார்ந்தேன்.

"அண்ணி என்னம்மா பண்றாங்க?" என்று கேட்டார்.

நான் பொய் சொல்லவில்லை. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை அம்மா தின்று தீர்ப்பதும், பாத்திரம் துலக்குவதும், அடுப்பை மெழுகுவதும் எனக்கு அன்று ஒன்றாகவே தெரிந்தன.

"வேலையா இருக்காங்க சித்தப்பா" என்றேன்.