சித்தி பங்கு வைத்த மருந்து

செய்தி மூன்றாவது பீரியடில் வந்தது. பியூன் வகுப்பு வாசலில் நின்று என் பெயரைச் சொன்னதுமே புரிந்துவிட்டது. எங்கள் எஸ்தர் சித்தி வேலூர் ஆஸ்பத்திரியில் அன்று காலை இறந்துவிட்டார்.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்தவர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் லைனில் பதினாறு வருடம் வேலை செய்தவர். முப்பதாம் நாள் ஜெபத்தில் வாசிக்க ஒரு பக்கம் எழுதித் தரும்படி லைன் தோழிகள் என்னிடம் கேட்டார்கள். "அல்சர்னே எழுது. உங்கக்காவுக்கு வரன் பாக்குற நேரம்" என்றார் அம்மா. அப்படியே எழுதி அந்தத் தோழிகளில் ஒருவரான கமலா அக்காவிடம் கொடுத்துவிட்டேன். எல்லோரும் தூங்கிய பிறகு எழுதும் இந்தப் பக்கம் வேறு.

சித்தி எதையும் தனியாகச் சாப்பிட்டதில்லை. மதியம் மணி அடித்ததும் அவருடைய டிபன் பாக்ஸ் பக்கத்து மெஷினுக்குப் போகும். திரும்பி வரும்போது அதில் ஐந்து வீட்டுக் குழம்பு இருக்கும். வயிற்றெரிச்சலுக்குச் சப்பும் வெள்ளை மாத்திரையையும் லைன் முழுக்கக் கொடுப்பார். பசை வாசனையால் எரிகிறது என்பார் ஒருவர். தோல் பதனிடும் ஷாப்புகளால் கெட்ட தண்ணீர் என்பார் இன்னொருவர்.

நான் எட்டாவது படிக்கும்போது சித்திக்கு எரிச்சல் அதிகமானது. வேலூரில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.

"எப்படி இருந்துச்சு சித்தி?"

"மெஷின்ல நூல் கோக்குற மாதிரிதான்டி. இன்னா, ஊசி நானு."

வயிற்றில் ஒரு கிருமி இருப்பதாக டாக்டர் சொன்னாராம். நம் பக்கத்தில் நிறையப் பேருடைய வயிற்றில் அது உண்டு. சிறு வயதிலேயே வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. சிலருக்குப் புண்ணாகும். மிகச் சிலருக்குப் பல வருடம் கழித்துப் புற்றாகும். நாளுக்கு ஓர் அட்டை வீதம் பதினான்கு அட்டை மாத்திரை கொடுத்தார்.

எட்டாவது நாள் சித்தி மீதி ஏழு அட்டையை என் புத்தகப் பையில் வைத்தார். எனக்கும் காலையில் வயிறு எரியும். அதை அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"ஒரே வூடு, ஒரே சோறு. உனக்கும் அதே பூச்சிதான். எனக்கு எரிச்சல் நின்னுடுச்சி, மீதிய நீ சாப்புடு. உங்கம்மாகிட்ட சொல்லாத, பேஜார் பண்ணும்."

சாப்பிட்டேன். கொஞ்ச நாள் இருவருமே நன்றாக இருந்தோம்.

இரண்டு வருடம் கழித்துச் சித்திக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடியும் குழாய் விட்டார்கள். இந்த முறை புற்று.

நான் கடைசியாகப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் அழுதுவிட்டேன். "உங்க மருந்த நான் தின்னுட்டேன் சித்தி."

"லூசு! நீயா தின்ன? நான்தான தின்ன வச்சேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். இது எப்ப ஆரமிச்சதுன்னே சொல்ல முடியாதாம். ஆனா பாதி மருந்துக்குப் பூச்சி சாவாதாம். அப்பவே சொன்னாரு, எனக்குத்தான் மண்டைல ஏறல. சோத்ததான் பங்கு வைக்கணும், இத வைக்கக் கூடாது. உனக்கு இன்னும் எரியுதா?"

"இல்ல" என்றேன்.

சித்தி என் கையை விடவில்லை. "எரிஞ்சா உங்கம்மாகிட்ட சொல்லு. கமலாகிட்டயும் சொல்லு. லைன்ல யாரும் வெள்ள மாத்திரையே சப்பிக்கினு இருக்க வேணாம், போய்க் காட்டச் சொல்லு."

அடக்கம் முடிந்த மறுநாள் லைன் தோழிகள் சித்தியின் டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து தந்தார்கள். காலியாகத் தர மனம் வராமல் ஐந்து வீட்டுக் குழம்பும் ஊற்றியிருந்தார்கள். இப்போது அதில்தான் அம்மா எனக்குச் சாப்பாடு கட்டுகிறார்.

இன்று காலையும் எரிந்தது. மிகச் சிலருக்குத்தான் என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டாலும் பயமாக இருக்கிறது. இந்தப் பக்கத்தை மடித்து டிபன் பாக்ஸுக்குள் வைக்கிறேன். அம்மா, விடிந்ததும் நீங்கள்தான் அதைத் திறப்பீர்கள். என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பிறகு கமலா அக்காவிடம் அந்த அல்சர் பக்கத்தை வாங்கிக்கொண்டு, ஜெபத்தில் வாசிக்க இதைக் கொடுங்கள்.

போய் வாருங்கள் சித்தி. இந்த முறை பதினான்கு அட்டையும் நானே சாப்பிடுவேன். ஒன்றைக்கூட யாருக்கும் தர மாட்டேன்.