பன் அடுப்பில் வைத்த கம்மல்

ஐந்தருவிக்குக் குளிக்க வருகிறவர்கள் என் பேக்கரி பன்னைத் தின்னாமல் போகமாட்டார்கள். நாலாம் வகுப்போடு நின்று, சொந்த உழைப்பில் கடை வைத்தவன் நான்.

என் மனைவி நோயில் படுத்தபடியே, அடுப்பில் சுட்டால் இறுகும் பாலிமர் களிமண்ணில் கம்மல் செய்யப் பழகினாள். மகள் கல்யாணத்துக்கென்று ஒரு ஜோடி செய்தவள், அதைச் சுடுவதற்குள் போய்விட்டாள்.

“யப்பா, இதுக்கு லேசான சூடு போதும்னு பாக்கெட்டுல போட்டிருக்கு” என்றாள் மகள்.

“ஏட்டி, அடுப்பப் பத்தி எனக்கே சொல்லித் தாரியோ?” என்று பன் வேகும் சூட்டிலேயே உள்ளே தள்ளினேன். குப்பென்று புகை வந்தது. வெளியே இழுத்தால், என் மனைவியின் விரல்ரேகை பதிந்திருந்த கம்மல் கரியாகிக் கிடந்தது.

இப்போது மகள் அதே களிமண்ணில் எதைச் செய்து கொடுத்தாலும், “எவ்வளவு சூடும்மா?” என்று கேட்டு, முதலில் சிறு துண்டைச் சுட்டுப் பார்க்கிறேன். அவள் அம்மா செய்ததில் இனிச் சுட ஒன்றும் மிச்சமில்லை.